வால் முளைத்த பையனை முதலில் பாருங்கள்!

1986-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி. புதன்கிழமை. மாலை மணி 7.

ஜப்பான் நாட்டில் பூஜி டெலிவிஷனில் ஒரு புதிய சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று.

திரையில் ஒரு சிறுவன் வந்தான். காட்டில் தன்னந்தனியாக வசிக்கும் சிறுவன். பெரிய மரத்துண்டைத் தூக்கிப் போட்டுக் காலால் உதைக்கிறான். மரம் சுக்கு நூறாகி, விறகாக விழுகிறது. பசிக்கிறது. ஆற்றுக்குப் போகிறான். வாலைத் தண்ணீரில் விட்டு மீன் பிடிக்கிறான்.

ஆமாம். வால்தான்! அந்தச் சிறுவனுக்கு ஒரு வால் இருந்தது.

அவன் பெயர் கோகு. தொடரின் பெயர் "டிராகன் பால்".

அன்று ஆரம்பித்த கதை இன்றும் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1986 முதல் 2025 வரை ஐந்து டெலிவிஷன் தொடர்கள் வந்தன. அவற்றின் பகுதிகளைக் கூட்டினால் 659 வருகிறது! இவை போதாதென்று சினிமாப் படங்கள் வேறு. பழைய தொடரையே சுருக்கி வெளியிட்ட புதுப் பதிப்பு வேறு.

இத்தனையும் இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு தொல்லை! எதை முதலில் பார்ப்பது? எதைப் பிறகு பார்ப்பது?

இதில் மூன்று கட்சிகள் இருக்கின்றன.

"முதல் தொடர் சின்னப் பிள்ளை விளையாட்டு. இரண்டாவது தொடரில்தான் சண்டை சூடு பிடிக்கிறது. அங்கேயே ஆரம்பியுங்கள்" என்பது ஒரு கட்சி.

"கதையில் எது முதலில் நடந்ததோ, அதை முதலில் பாருங்கள். எப்போது வெளிவந்தது என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்பது இரண்டாவது கட்சி.

"வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள்" என்பது மூன்றாவது கட்சி.

மூன்றாவது கட்சி சொல்வதே சரி. ஏன்?

ஒரே கதை

முதலில் ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிராகன் பால் டெலிவிஷனுக்காகப் பிறந்த கதை அல்ல. அது ஒரு படக்கதை.

அதை எழுதி வரைந்தவர் அகிரா டோரியாமா. 1984-ம் ஆண்டு இறுதியில், "ஜம்ப்" என்ற வாரப் பத்திரிகையில் வரையத் தொடங்கினார். 1995-ம் ஆண்டு மே மாதம்தான் முடித்தார். பத்தரை ஆண்டுகள்! மொத்தம் 519 அத்தியாயங்கள். புத்தகமாக வந்தபோது 42 பாகங்கள் ஆயின.

அந்த 42 பாகங்களுக்கும் ஜப்பானில் ஒரே பெயர்தான். "டிராகன் பால்"!

கதை நடந்துகொண்டிருக்கும்போதே அதை டெலிவிஷனுக்குப் படமாக்கினார்கள். முதல் தொடர் 153 பகுதிகள் ஓடியது. 1989-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி முடிந்தது. அடுத்த புதன்கிழமை, அதே மாலை 7 மணிக்கு, அடுத்த தொடர் ஆரம்பமாயிற்று. அதன் பெயர் "டிராகன் பால் இசட்".

நடுவில் ஒரு வாரம்கூட இடைவெளி கிடையாது. ஜப்பான் நாட்டுக் குழந்தைகளுக்கு அது புதுக் கதையாகத் தோன்றவில்லை. தெரிந்த கோகுதான் வந்தான். கொஞ்சம் வளர்ந்திருந்தான். அவ்வளவுதான்!

ஆகவே "இசட்" தொடரில் ஆரம்பிப்பது என்றால் என்ன அர்த்தம்? ஒரு புத்தகத்தின் முதல் 194 அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, 195-வது அத்தியாயத்திலிருந்து படிப்பது என்று அர்த்தம்! அப்படி யாராவது நாவல் படிப்பார்களா?

அமெரிக்காவில் நடந்தது

பிறகு ஏன் இத்தனை பேர் "இசட்"டிலிருந்து ஆரம்பித்தார்கள்? அதற்கும் ஒரு காரணம் உண்டு.

1995-ம் ஆண்டு அமெரிக்காவில் முதல் தொடரை வெளியிட்டுப் பார்த்தார்கள். 13 பகுதிகள்தான் வந்தன. வரவேற்பு இல்லை. நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே "இசட்" தொடரை வெளியிட்டார்கள். 1998-ம் ஆண்டு "கார்ட்டூன் நெட்வொர்க்"கில் மாலை வேளையில் அது வந்தபோது, குழந்தைகள் பைத்தியமாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு, 2001-ம் ஆண்டில்தான் முதல் தொடர் முழுமையாக அங்கே டெலிவிஷனுக்கு வந்தது.

அதாவது, முதலில் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவின் குழந்தைப் பருவத்தைப் பார்த்தார்கள்! அது வியாபாரத்தால் வந்த வரிசை. கதைக்காக ஏற்பட்ட வரிசை அல்ல.

பிரான்ஸ் நாட்டில் 1988-ம் ஆண்டே முதல் தொடர் வந்துவிட்டது. அந்த நாட்டுக் குழந்தைகள் கோகு சிறுவனாக இருந்ததிலிருந்து பார்த்தார்கள்.

தோற்கத் தெரிந்தவன்

"முதல் தொடர் வெறும் வேடிக்கை" என்கிறார்களே, அது உண்மையா?

வேடிக்கை உண்டு. ஏழு மந்திரப் பந்துகள் உலகத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஏழையும் சேர்த்தால் ஒரு பெரிய டிராகன் தோன்றி, கேட்ட வரத்தைக் கொடுக்கும். புல்மா என்ற பெண் பந்துகளைத் தேடிக் காரில் வருகிறாள். கோகு அதுவரை காரைப் பார்த்தது இல்லை. ஏதோ மிருகம் என்று நினைத்து, காரையே தூக்கிவிடுகிறான்!

கல்யாணம் என்றால் என்ன என்றும் அவனுக்குத் தெரியாது. ஏதோ தின்பண்டம் என்று நினைத்து, ஒரு சிறுமியிடம் "சரி" என்று சொல்லிவிடுகிறான். அவள் மறக்கவில்லை. வளர்ந்த பிறகு வந்து நிற்கிறாள். அவனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்!

ஆனால் வேடிக்கையோடு வேறு ஒன்றும் இருக்கிறது.

கோகு ஒரு கிழவரிடம் சண்டை கற்கப் போகிறான். அவர் பெயர் ரோஷி. கூடவே கிரிலின் என்ற மொட்டைத் தலைப் பையனும் சேருகிறான். கிழவர் என்ன சொல்லிக் கொடுக்கிறார்? குத்தும் உதையுமா?

இல்லை! விடியற்காலையில் வீடு வீடாகப் பால் கொண்டுபோய்ப் போடச் சொல்கிறார். வெறும் கையால் வயலை உழச் சொல்கிறார். முதுகில் 20 கிலோ எடையுள்ள ஆமை ஓட்டைக் கட்டிக்கொண்டு இத்தனையும் செய்யச் சொல்கிறார்! உழைப்புதான் முதல் பாடம்.

பிறகு பெரிய சண்டைப் போட்டி வருகிறது. கோகுவும் கிரிலினும் கலந்துகொள்கிறார்கள். கிழவருக்கு ஒரு கவலை. "இந்தப் பையன்கள் இப்போதே ஜெயித்துவிட்டால் தலைக்கனம் வந்துவிடுமே! அதற்குப் பிறகு கற்றுக்கொள்ள மாட்டார்களே!" என்று யோசிக்கிறார். மாறுவேடம் போட்டுக்கொண்டு, அவரே போட்டியில் இறங்குகிறார். கடைசிச் சண்டையில் சொந்த மாணவனையே தோற்கடிக்கிறார். அது அவர்தான் என்று மாணவனுக்குத் தெரியாது!

மூன்று ஆண்டுகள் கழித்து அடுத்த போட்டி. அதிலும் கோகு தோற்கிறான். மறுபடியும் மூன்று ஆண்டுகள். மூன்றாவது போட்டியில்தான் ஜெயிக்கிறான்.

"இசட்"டில் ஆரம்பிக்கும் குழந்தை என்ன பார்க்கிறது? ஏற்கெனவே பலசாலியான ஒருவனைப் பார்க்கிறது. அவன் எப்படிப் பலசாலி ஆனான் என்பது அதற்குத் தெரியாது. பால் போட்டது தெரியாது. வயல் உழுதது தெரியாது. இரண்டு முறை தோற்றது தெரியாது.

கோகு பிறவியிலேயே பெரிய வீரன் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொள்ளும். அது கதைக்கே நேர் எதிரான பாடம் அல்லவா?

எதிரி ஆசிரியர் ஆனான்

இன்னொரு உதாரணம். இது மிக முக்கியமானது.

முதல் தொடரின் பிற்பகுதியில் பிக்கோலோ என்ற அசுர ராஜா வருகிறான். பச்சை நிறம். பயங்கரமான முகம். அவனுடைய ஆள் ஒருவன் கிரிலினைக் கொன்றுவிடுகிறான். அசுரனை அடக்கப் போன ரோஷி கிழவரும் உயிரை விடுகிறார். கோகுவுக்கு உலகத்தில் இருந்த உறவே அவர்கள்தான்! அவன் கொதித்து எழுகிறான். அசுரனை ஒழிக்கிறான்.

சாகும் நேரத்தில் அசுரன் ஒரு முட்டையை வாயால் உமிழ்கிறான். அதிலிருந்து இன்னொரு பிக்கோலோ பிறக்கிறான். கோகுவைப் பழி வாங்குவதற்கென்றே பிறந்தவன். மூன்றாவது போட்டியில் கோகுவும் அவனும் மோதுகிறார்கள். இருவரும் குற்றுயிராகிறார்கள். கோகு ஜெயிக்கிறான்.

அப்போது கோகு என்ன செய்கிறான் தெரியுமா? காயத்தை ஆற்றும் மந்திர அவரையை எதிரிக்கே கொடுத்து, அவனைப் பிழைக்க வைக்கிறான்! நண்பர்கள் திகைத்துப் போகிறார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழிகின்றன. "இசட்" தொடர் ஆரம்பமாகிறது. கோகுவுக்கு நாலு வயதில் ஒரு மகன். பெயர் கோஹான். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை கற்றுக்கொடுப்பவன் யார்? பிக்கோலோதான்!

பழி வாங்கப் பிறந்தவன், பழைய எதிரியின் குழந்தைக்கு ஆசிரியர் ஆகிறான். முதலில் அன்பு கிடையாது. ஆறு மாதம் அந்தப் பச்சைக் குழந்தையை வனாந்தரத்தில் தனியாக விட்டுவிடுகிறான். ஆனால் நாளடைவில் அவன் மனசு கரைகிறது. கடைசியில் அந்தப் பிள்ளைக்காக அவன் செய்யும் காரியத்தைக் கண்டு கண்ணீர் விடாதவர்கள் குறைவு. அது என்ன? படத்திலேயே பாருங்கள்.

முதல் தொடரைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கண்ணீரின் விலை தெரியும். அவன் தகப்பன் கிரிலினின் சாவுக்குக் காரணமானவன் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவனை ஒருவன் மன்னித்தான் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

"இசட்"டில் ஆரம்பித்தவர்களுக்கு அவன் யாரோ ஒரு பச்சை நிற முரட்டு வாத்தியார். அவ்வளவுதான்!

வாலின் ரகசியம்

இனி, இரண்டாவது கட்சியைப் பார்ப்போம். "கதையில் நடந்த கால வரிசைப்படி பார்க்க வேண்டும்" என்கிறார்களே, அது எப்படி?

1990-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி ஒரு தனிப்படம் டெலிவிஷனில் வந்தது. அது கோகுவின் தகப்பனாரைப் பற்றியது. கோகு கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த கதை. கால வரிசைப்படி பார்த்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்!

அப்படிப் பார்த்தால் என்ன ஆகும்?

முதல் தொடரில் கோகுவுக்கு வால் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சீன நாட்டுப் பழங்கதையில் வரும் குரங்கு ராஜாவின் பெயர்தான் கோகுவின் பெயர். ஆகவே பார்ப்பவர்களும், "ஓகோ! குரங்கு ராஜா மாதிரி ஒரு வேடிக்கை!" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் அப்படியே போகின்றன. "இசட்" தொடரின் ஆரம்பத்தில்தான் திடீரென்று ஒருவன் வந்து, வாலின் ரகசியத்தை உடைக்கிறான். அந்த இடத்தில் அதுவரை பார்த்த கதை முழுவதும் வேறு அர்த்தம் பெறுகிறது!

கோகுவை எடுத்து வளர்த்த தாத்தாவைப் பற்றியும் ஒரு ரகசியம் உண்டு. முதல் தொடரில் அதை மற்றவர்கள் ஊகித்துவிடுகிறார்கள். கோகுவுக்கு மட்டும் தெரியாது. "இசட்"டில் ஒரு பெரிய சண்டையின் நடுவே அவனுக்கே அது புரிகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே முதல் தொடரைப் பார்க்கலாம்.

தகப்பனார் படத்தை முதலில் போட்டால், வாலின் ரகசியம் முதல் நாளே போச்சு! துப்பறியும் கதையில் கொலைகாரனின் பெயரை முதல் பக்கத்தில் அச்சடித்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. டோரியாமா முழுக்கதையையும் முன்கூட்டியே திட்டம் போட்டு வரைந்தவர் அல்ல. வாரத்துக்கு வாரம் யோசித்து வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே, அவர் கண்டுபிடித்த வரிசையில்தான் வாசகர்களும் கண்டுபிடித்தார்கள். அதே வரிசையில் பார்ப்பவர்கள் அவரோடு கைகோத்து நடக்கிறார்கள். வரிசையை மாற்றுபவர்கள் குறுக்கு வழியில் ஓடுகிறார்கள். போகிற இடத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம். வழியில் இருந்த ஊர்கள் எல்லாம் தவறிவிடும்!

நேரத்துக்கு எங்கே போவது?

"எல்லாம் சரி. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

முதல் தொடர் 153 பகுதிகள். "இசட்" 291 பகுதிகள். மொத்தம் 444. தினம் ஒரு பகுதி பார்த்தாலும் ஒரு வருஷம் இரண்டரை மாதம் ஆகும்!

அதிலும் "இசட்"டில் ஒரு குறை உண்டு. கதையை இழுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. டோரியாமா வாரம் ஓர் அத்தியாயம்தான் வரைவார். டெலிவிஷனுக்கும் வாரம் ஒரு பகுதி தேவை. டெலிவிஷன்காரர்கள் வேகமாகப் போனால் படக்கதையை எட்டிப் பிடித்துவிடுவார்கள். அதற்கு மேல் கதை இருக்காது! ஆகவே மெதுவாகப் போனார்கள்.

1991-ம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. ஃபிரீசா என்ற கொடியவன், "இந்தக் கிரகம் இன்னும் 5 நிமிடத்தில் வெடிக்கும்" என்கிறான். அந்த 5 நிமிடம் டெலிவிஷனில் பல வாரங்கள் ஓடியது!

இதற்குப் பரிகாரமும் வந்துவிட்டது. 2009-ம் ஆண்டு "டிராகன் பால் கை" என்ற பெயரில் "இசட்" தொடரைச் சுருக்கி வெளியிட ஆரம்பித்தார்கள். இழுத்த இடங்களை வெட்டிவிட்டார்கள். கடைசிப் பாகம் 2014, 2015-ம் ஆண்டுகளில் வந்தது. 291 பகுதிகள் சுமார் 160 ஆகிவிட்டன. முதல் தொடரையும் சேர்த்தால் தினம் ஒன்று வீதம் ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு "கை"தான் ஏற்றது. பொறுமை உள்ளவர்கள் "இசட்"டையே பார்க்கலாம். அதில் சில நல்ல காட்சிகள் உண்டு. கோகுவும் பிக்கோலோவும் கார் ஓட்டும் லைசென்சு வாங்கப் போகும் ஒரு பகுதி இருக்கிறது. வானத்தில் பறக்கத் தெரிந்த இருவரும் காரை ஓட்டத் தெரியாமல் திண்டாடுகிறார்கள்! "கை"யில் அது கிடையாது.

நேரம் இல்லை என்றால் இழுத்த இடத்தைக் குறையுங்கள். ஆரம்பத்தைக் குறைக்காதீர்கள்!

ஊறுகாய் சாப்பாடு ஆகாது

சினிமாப் படங்களை என்ன செய்வது?

1989 முதல் 1995 வரை "இசட்" பெயரில் 13 சினிமாப் படங்கள் வந்தன. பள்ளிக்கூட விடுமுறையில் குழந்தைகளுக்குக் காட்டுவதற்காகத் தயாரித்தவை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தாலே புரிய வேண்டும் என்று எடுத்தவை. ஆகவே பெரும்பாலானவை தொடரின் கதையோடு ஒட்டாது. அவற்றைத் தொடரின் நடுவே எங்கே செருகுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளலாம். ஊறுகாயே சாப்பாடு ஆகாது!

1996-ம் ஆண்டு "ஜி.டி." என்ற தொடர் வந்தது. 64 பகுதிகள். டோரியாமாவின் படக்கதை முடிந்த பிறகு, டெலிவிஷன்காரர்கள் தாங்களே கதை செய்து தொடர்ந்தது. விரும்பினால் "இசட்" முடிந்ததும் பார்க்கலாம். பார்க்காவிட்டாலும் நஷ்டம் இல்லை.

பிறகு 2013, 2015-ம் ஆண்டுகளில் இரண்டு சினிமாப் படங்கள் வந்தன. இவை முக்கியம். டோரியாமாவே கதையில் கை வைத்தார். 2015-ம் ஆண்டு ஜூலையில் "சூப்பர்" என்ற தொடர் ஆரம்பமாயிற்று. 131 பகுதிகள். அதன் முதல் 27 பகுதிகள் அந்த இரண்டு படங்களின் கதைதான்! ஆகவே படங்களைப் பார்த்தவர்கள் 28-வது பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே கதையை இரண்டு முறை பார்க்க வேண்டியது இல்லை.

இங்கேயும் கால வரிசைக் கட்சிக்காரர்கள் ஒரு யோசனை சொல்வார்கள். "இசட்" தொடரின் கடைசி மூன்று பகுதிகள் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நடப்பவை. "சூப்பர்" கதை அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் நடக்கிறது. ஆகவே "இசட்"டை 288-ல் நிறுத்திவிட்டு, "சூப்பர்" முழுவதும் பார்த்துவிட்டு, மறுபடி வந்து கடைசி மூன்றைப் பார்க்க வேண்டுமாம்!

வேண்டவே வேண்டாம்! அந்த மூன்று பகுதிகள் 1996-ம் ஆண்டு ஜனவரியில், பத்து வருஷம் கூடவே வந்த ரசிகர்களுக்கு விடை கொடுப்பதற்காக எடுத்தவை. ஊருக்குப் போகிறவனை வாசலில் நிறுத்தி வைத்து, 131 நாள் கழித்து "போய் வா" என்று சொல்வதா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. முதல் தொடரில் சில வேடிக்கைகள் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல. ரோஷி கிழவருக்குப் பெண்பித்து உண்டு. அதை வைத்துச் சிரிப்பு மூட்டும் காட்சிகள் வருகின்றன. பெண்களை அப்படி நடத்துவது தவறு. "இசட்"டிலோ ரத்தமும் சாவும் அதிகம்.

ஆகவே குழந்தைகளைத் தனியே உட்கார வைக்காதீர்கள். கூட உட்காருங்கள். வேண்டாத காட்சியைத் தாண்டிவிடலாம். அல்லது "இது தப்பு" என்று சொல்லிக் கொடுக்கலாம். சாப்பிட்ட பிறகு தினம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் போதும். கண்ணும் கெடாது. படிப்பும் கெடாது.

கதாநாயகன் சிறுவனாக இருந்து, தோற்று, கற்று, வளர்ந்து, கல்யாணம் செய்து, தகப்பன் ஆகி, பிறகு பாட்டனும் ஆகும் கதை இது. அதைத் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து பார்ப்பதைவிடப் பொருத்தம் வேறு என்ன இருக்கிறது?

கடைசியில் ஒரு பிரியாவிடை

2018-ல் ஒரு படமும், 2022-ல் ஒரு படமும் வந்தன. அவற்றைச் "சூப்பர்" தொடருக்குப் பிறகு பார்க்க வேண்டும்.

அதற்கும் பிறகு ஒரு சிறு தொடர் இருக்கிறது. பெயர் "டைமா". 20 பகுதிகள்தான். 2024 அக்டோபரில் ஆரம்பித்து 2025 பிப்ரவரியில் முடிந்தது. கதைப்படி இது "சூப்பர்" தொடருக்கு முன்னால் நடப்பது. ஆகவே கால வரிசைக்காரர்கள் இதை நடுவில் செருகிவிடுவார்கள்.

அது பெரிய தவறு.

ஏன் என்றால், இந்தத் தொடருக்காகவும் கதை யோசித்து, உருவங்கள் வரைந்து கொடுத்தவர் டோரியாமா. ஆனால் அது டெலிவிஷனில் வருவதை அவர் பார்க்கவில்லை. 2024-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, 68-வது வயதில், காலமாகிவிட்டார்.

அந்தத் தொடரில் என்ன நடக்கிறது? ஒரு மந்திரத்தால் கோகு மறுபடியும் சிறுவன் ஆகிவிடுகிறான்! 1986-ல் காட்டில் தனியாக நின்ற அதே சின்ன உருவம் திரும்பி வருகிறது.

குரலும் அதே குரல்தான். முதல் நாளிலிருந்து கோகுவுக்குக் குரல் கொடுப்பவர் மசாக்கோ நொசாவா என்ற அம்மையார். 1986-ல் ஆரம்பித்தபோது அவருக்கு 49 வயது. "டைமா" ஓடிக்கொண்டிருந்தபோது 88 வயது. சிறுவன் கோகு, வாலிபன் கோகு, தகப்பன் கோகு எல்லோரும் அவரே. கோகுவின் பிள்ளைகளுக்கும் அவர்தான் குரல்!

வெளிவந்த வரிசையில் பார்ப்பவர்களுக்கு அந்தச் சிறுவன் கடைசியில் திரும்பி வருகிறான். படைத்தவர் போய்விட்டார். பையன் வந்து நிற்கிறான். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக் கதை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. நடுவில் செருகிப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் இன்னொரு மந்திரம்.

ஆகவே வரிசை இதுதான்:

முதலில் "டிராகன் பால்".

இரண்டாவது, "இசட்" அல்லது "கை". அதில் ஃபிரீசா யார் என்று தெரிந்த பிறகு, தகப்பனாரின் தனிப்படம்.

மூன்றாவது, 2013, 2015-ம் ஆண்டுப் படங்கள்.

நாலாவது, "சூப்பர்" 28 முதல் 131 வரை.

ஐந்தாவது, 2018, 2022-ம் ஆண்டுப் படங்கள்.

ஆறாவது, "டைமா".

இதில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள். நேரம் இல்லாவிட்டால் இரண்டோடு நிறுத்துங்கள். ஆனால் முதலாவதை மட்டும் விடாதீர்கள்.

வால் முளைத்த அந்தப் பையனை முதலில் பாருங்கள். அவன் வளர்ந்து உலகத்தைக் காப்பாற்றும்போது, "இவன் நம் வீட்டுப் பிள்ளை" என்று தோன்றும்!